புரோட்டினோசிஸ் நோயாளிக்கு மூச்சு செயலிழக்கும்போது: வென்டிலேட்டரா, நுரையீரல் கழுவலா?

ஐசியூ_பணிமருத்துவர்

வணக்கம். எங்கள் ஐசியூவில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இருக்கிறார். பல மாதமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல். வேறு இடத்தில் நிமோனியா என்று சொல்லி ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமல் போகவே, நுரையீரல் இடைத்திசு அழற்சி என்று முடிவு செய்து ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் வேகமாக மோசமாகியிருக்கிறார்.

சிடியில் இரு பக்கமும் மங்கல் படலம், அதன் மேல் தடித்த கோடுகள். கிரேசி பேவிங் என்று ரேடியாலஜியில் எழுதியிருக்கிறார்கள். ப்ராங்கோஸ்கோப் விட்டுக் கழுவியதில் பால் போன்ற திரவம் வந்தது. சற்று நேரம் வைத்தால் அடியில் கெட்டியாகப் படிகிறது. பிஏஎஸ் சாயம் பாசிட்டிவ். பல்மனரி ஆல்வியோலர் புரோட்டினோசிஸ் (காற்றுப்பைகளில் புரதமும் கொழுப்பும் கலந்த பொருள் தேங்கும் நோய்) என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது ஹை ஃப்ளோ ஆக்சிஜன் 70 சதவீதத்தில் ஓடுகிறது. அப்படியும் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 88 சதவீதத்தைத் தாண்டுவது சிரமமாக இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறவில்லை. குழுவில் ஒருவர் ஸ்டீராய்டு அளவைக் கூட்டலாம் என்கிறார். இன்னொருவர், இப்போதே டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைப்போம், சீரானதும் நுரையீரலுக்குள் சலைன் (உப்புக் கரைசல்) விட்டுக் கழுவுவதைப் பற்றி யோசிப்போம் என்கிறார். இந்த நிலையில் ஒரு பக்க நுரையீரலை மட்டும் நம்பி மயக்கம் கொடுக்க முடியுமா என்று எனக்குப் பயம். இந்த நோயைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நுரையீரல்_பிரிவு

முதலில் ஸ்டீராய்டு. கூட்டவே கூட்டாதீர்கள். இந்த நோயில் காற்றுப்பைகளுக்குள் நிறைந்து கிடப்பது அழற்சியால் வந்த நீர் அல்ல, சர்ஃபாக்டன்ட் (காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள்). காற்றுப்பைச் சுவரிலுள்ள டைப் 2 செல்கள் அதைச் சுரந்துகொண்டே இருக்கும், மேக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் பழையதைத் தின்று அகற்றிக்கொண்டே இருக்கும். மேக்ரோபேஜ் இந்த வேலையைச் செய்வதற்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் வேண்டும். பெரியவர்களுக்கு வரும் புரோட்டினோசிஸில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் புரதத்துக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருக்கிறது. சுரப்பு நிற்காது, அகற்றுவது மட்டும் நின்றுவிடும். இதில் ஸ்டீராய்டுக்கு என்ன வேலை? ஏற்கெனவே முடங்கிப்போன மேக்ரோபேஜை இன்னும் முடக்கும், தொற்றுக்கும் கதவைத் திறந்துவிடும். ஸ்டீராய்டு பெற்ற நோயாளிகளுக்கு நோயின் தீவிரம் கூடியதையும் தொற்று அதிகமானதையும் ஜப்பானிய ஆய்வு ஒன்று 2015-இல் காட்டியிருக்கிறது. உங்கள் நோயாளிக்கு நடந்திருப்பதும் அதுவாகவே இருக்கலாம்.

அதற்காக இன்றே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். பல வாரமாக எடுத்திருந்தால் அட்ரீனல் சுரப்பி அடங்கிப் போயிருக்கும். படிப்படியாகக் குறையுங்கள், ரத்த அழுத்தம் விழுந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவுக்கு மட்டும் ஈடு கொடுங்கள்.

அடுத்து, ஏன் திடீரென்று இப்போது விழுந்தார்? புரோட்டினோசிஸ் மெதுவாக ஏறும் நோய். எக்ஸ்ரே பயங்கரமாக இருக்கும், ஆள் எழுந்து நடந்துகொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் சில நாட்களில் சரிந்தால் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். நோகார்டியா என்ற பாக்டீரியா, காசநோயும் அதன் இனத்துப் பிற கிருமிகளும், ஆஸ்பெர்ஜில்லஸ், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைகள். ஸ்டீராய்டில் இருந்திருப்பதால் நியூமோசிஸ்டிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎம்-சிஎஸ்எஃப் இல்லாமல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் நோகார்டியா நுரையீரலோடு நிற்காமல் மூளை வரைக்கும் போகிறது. கழுவிய திரவத்தை நோகார்டியா கல்ச்சருக்கு என்று ஆய்வகத்தில் சொல்லியே கொடுங்கள். அது மெதுவாக வளரும், வழக்கமான நாட்களோடு தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

ரத்தத்தில் ஜிஎம்-சிஎஸ்எஃப் எதிர்ப்பொருள் பரிசோதனை அனுப்பினீர்களா? அது பாசிட்டிவ் ஆனால் பயாப்ஸியே தேவைப்படாது. நெகட்டிவ் ஆனால் ரத்த நோய், குறிப்பாக மைலோடிஸ்பிளாசியா, இருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் சிலிக்கா தூசி உண்டா என்றும் கேளுங்கள். அந்த வகைகளுக்கு வைத்தியமே வேறு.

வென்டிலேட்டர் பற்றி: தேவைப்பட்டால் போடுங்கள், தயங்கித் தயங்கி ஆள் களைத்து விழும் வரை ஹை ஃப்ளோவில் வைத்திருக்க வேண்டாம். ஆனால் "சீரானதும் கழுவலாம்" என்ற வரிசையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. காற்றுப்பைக்குள் இருப்பதை வெளியே எடுக்காமல் எதை வைத்துச் சீராவார்? ஏஆர்டிஎஸ் (அழற்சியால் நுரையீரல் திடீரெனச் செயலிழப்பது) போல அழற்சி அடங்கக் காத்திருக்கும் நோய் இல்லை இது. பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் நிறுத்தி வைக்கும் அழுத்தம்) ஏற்றினால் கொஞ்சம் திறக்கும், குப்புறப் படுக்க வைத்தால் கொஞ்சம் ஏறும். அடைத்திருப்பது அங்கேயே இருக்கும். நாள் போகப் போக வென்டிலேட்டர் நிமோனியா வந்து சேரும், அப்புறம் கழுவவும் முடியாமல் போகும்.

நோயாளியின்_தம்பி

நான் மருத்துவத் துறை இல்லை, மன்னிக்கவும். என் அக்காவுக்கும் இதே நோய். வீட்டில் ஆக்சிஜனில் இருக்கிறார். நுரையீரலுக்குள் லிட்டர் கணக்கில் உப்புத்தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டதிலிருந்து அம்மா சாப்பிடுவதே இல்லை. மூழ்கிப் போவது மாதிரி ஆகாதா டாக்டர்? நீங்கள் பேசுவதைப் பார்த்தால் அதைத்தான் நல்லது என்கிறீர்கள்.

மயக்கமருந்து_மருத்துவர்

தம்பி, அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அக்கா முழு மயக்கத்தில் இருப்பார், எதுவும் தெரியாது. இரு பக்க நுரையீரலையும் தனித்தனியாகப் பிரிக்கும் இரட்டைக் குழாய் (டபுள் லூமன் டியூப்) ஒன்றை மூச்சுக்குழாயில் வைக்கிறோம். ஒரு பக்கம் முழுக்க ஆக்சிஜனோடு மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், மறுபக்கம் மட்டும் கழுவப்படும். 1960-களிலேயே தொடங்கிய முறை இது. கழுவல் செய்துகொண்டவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் சுமார் 94 சதவீதம், செய்யாதவர்களில் சுமார் 85 சதவீதம் என்று, அதுவரை வெளியான நோயாளிக் குறிப்புகளைத் தொகுத்த 2002-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. பழக்கமுள்ள குழு இருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள். இதற்கு முன்பு செய்திருக்கிறீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இனி ஐசியூ டாக்டருக்கு. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் இந்த நோயாளி ஒரு பக்க மூச்சைத் தாங்குவாரா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடது பக்க டபுள் லூமன் டியூபைப் போட்டு, ப்ராங்கோஸ்கோப்பால் இடத்தை உறுதி செய்து, இரு பக்கத்துக்கும் 100 சதவீத ஆக்சிஜன் ஓட்டுங்கள். நைட்ரஜன் வெளியேறிவிட வேண்டும், இல்லையென்றால் குமிழ்கள் தங்கி அந்த இடத்துக்குத் தண்ணீர் போகாது. பிறகு கழுவப் போகும் பக்கத்தை அடைத்துவிட்டு ஒரு பக்கத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். செறிவு எங்கே போய் நிற்கிறதோ அதுதான் பதில்.

சிடியில் எந்தப் பக்கம் மோசமோ அதை முதலில் கழுவ வேண்டும். அந்தப் பக்கம் எப்படியும் வாயுப் பரிமாற்றத்துக்குப் பெரிதாக உதவவில்லை, நல்ல பக்கம் ஆளைத் தாங்கும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பலரும் இடதில் தொடங்குவார்கள், பெரிய வலது பக்கம் ஆளைத் தாங்கும் என்பதால்.

37 டிகிரிக்குச் சூடாக்கிய சலைன், ஒரு தடவைக்கு 500 மில்லி முதல் 1 லிட்டர் வரை. புவியீர்ப்பில்தான் இறங்க வேண்டும், அழுத்தம் கொடுக்கக் கூடாது. நெஞ்சைத் தட்டிக் கொடுத்து, கீழே வடியவிட வேண்டும். முதலில் வருவது கெட்டியான பால் போல இருக்கும். தெளியும் வரை இதே சுற்று. ஒரு நுரையீரலுக்கு 10 முதல் 20 லிட்டர் ஆவது சாதாரணம், சிலருக்கு அதைவிடவும் கூடும்.

முதல் தடவை செய்பவர்களைக் கலங்க வைப்பது ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே போகும்போது செறிவு ஏறும், வடியும்போது விழும். தலைகீழாக நடப்பது போலத் தோன்றும். தண்ணீர் நிறைந்த பக்கத்தில் அழுத்தம் ஏறி அங்குள்ள நுண்குழல்களை நெரிக்கிறது. அதனால் ரத்தம் மூச்சோடும் பக்கத்துக்குத் திரும்புகிறது. வடித்தவுடன் ரத்தம் காற்றில்லாத பக்கத்துக்கே திரும்பிப் போய், ஆக்சிஜன் ஏறாமலேயே இதயத்துக்கு வருகிறது. வடியும்போது விழுந்தால் பொறுங்கள், அடுத்த சுற்றை நிரப்பினால் ஏறும். நிரப்பும்போதே விழுந்தால்தான் ஆபத்து. தண்ணீர் மறுபக்கத்துக்குக் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். வடியும் திரவத்தில் குமிழ், மூச்சோடும் பக்கத்தில் புதிதாகக் கரகரப்பு, உள்ளே போனதுக்கும் வெளியே வந்ததுக்கும் திடீரென்று கணக்கு உதைப்பது, எல்லாம் அதே செய்திதான். உடனே வடித்துவிட்டு, கழுவிய பக்கம் கீழே வரும்படி திருப்பி, டியூப் இடம் மாறியிருக்கிறதா என்று ஸ்கோப்பில் பாருங்கள்.

சோதனையில் தாங்கவில்லை என்றால் அதோடு கைவிட வேண்டாம். வீனோ-வீனஸ் எக்மோவில் (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரத்தில்) வைத்துக் கழுவலாம். உங்கள் நோயாளி விஷயத்தில் எக்மோ குழுவுக்கு இப்போதே தகவல் சொல்லி வைப்பது நல்லது. நடுவில் தேவைப்பட்டு அவசரமாகத் தேடுவது வேறு, தயாராக வைத்துக்கொண்டு இறங்குவது வேறு.

ஐசியூ_செவிலியர்

கணக்கு எழுத ஒரு ஆளைத் தனியாக நிறுத்துங்கள். வேறு எந்த வேலையும் அவரிடம் கொடுக்கக் கூடாது. எத்தனையாவது சுற்று, எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே, வடியும்போது செறிவு எவ்வளவு. பாட்டில்களில் எண் எழுதி வரிசையாக வைத்தால் தெளிந்துகொண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், எப்போது நிறுத்துவது என்பதும் அதிலேயே தெரியும்.

உடம்புச் சூட்டையும் விடாமல் பாருங்கள். சலைன் ஆறிப்போனால் நோயாளியும் குளிர்ந்துவிடுவார், மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. முடிந்த பிறகு சாதாரண டியூபுக்கு மாற்றி, பீப்போடு கொஞ்ச நேரம் வென்டிலேட்டரில் வைப்போம். அன்று இரவு காய்ச்சல் வருவதுண்டு. வந்தால் கல்ச்சர் எடுத்துவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள், எல்லாமே தொற்றாக இருக்காது.

மருந்தியல்_ஆர்வலர்

இவ்வளவு பெரிய சிகிச்சைக்கு ஏன் போக வேண்டும் சார்? காரணமே ஜிஎம்-சிஎஸ்எஃப் வேலை செய்யாததுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதையே ஆவியாக உள்ளே இழுக்கும் மருந்து வந்துவிட்டதே. 2019-இல் சார்கிராமோஸ்டிம், 2020-இல் மோல்கிராமோஸ்டிம், இரண்டு ஆய்வுகளிலும் ஆக்சிஜன் பரிமாற்றம் முன்னேறியது. கழுவல் காரணத்தைத் தொடுவதில்லை, மருந்து தொடுகிறது. முதலில் அதைத்தானே முயல வேண்டும்?

நுரையீரல்_பிரிவு

நல்ல கேள்வி. மருந்து காரணத்தைத் தொடுகிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அந்த ஆய்வுகள் வந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் இரண்டும் 24 வாரம் கொடுத்துப் பார்த்தவை. 2019 ஆய்வில் சேர்ந்தவர்கள் லேசான, நடுத்தர நிலையில் இருந்தவர்கள். மேக்ரோபேஜ் விழித்து, தேங்கியதைத் தின்று தீர்க்க வாரங்களும் மாதங்களும் ஆகும். 70 சதவீத ஆக்சிஜனில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரிடம் அந்த அவகாசம் இல்லை. அடைத்துக் கிடக்கும் காற்றுப்பைக்கு ஆவி எவ்வளவு போய்ச் சேரும் என்பதும் இருக்கிறது.

எனவே என் கருத்து இதுதான்: மூச்சு செயலிழப்பில் இருப்பவருக்குக் கழுவல், அவர் மீண்ட பிறகு திரும்ப நிறையாமல் இருக்க மருந்து. வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும் எதிர்ப்பொருள் வகை நோயாளிக்கு, மருந்து கிடைக்குமானால், அதையே முதலில் கொடுத்துப் பார்க்கலாம். ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இரண்டுக்கும் இடம் உண்டு. இவை எதற்கும் அடங்காதவர்களுக்கு ரிடக்சிமாப் (எதிர்ப்பொருள் உற்பத்தியைக் குறைக்கும் மருந்து), பிளாஸ்மா மாற்று (ரத்த நீரை மாற்றி எதிர்ப்பொருளை அகற்றுவது), கடைசியில் நுரையீரல் மாற்று என்று அதில் போகிறது. மாற்றிய நுரையீரலிலும் நோய் திரும்ப வந்ததுண்டு. எதிர்ப்பொருள் ரத்தத்தில்தானே இருக்கிறது.

குழந்தைநல_மருத்துவர்

குழந்தைகளுக்காக ஒன்று சேர்க்கிறேன். பிறவியிலேயே ஜிஎம்-சிஎஸ்எஃப் ஏற்பியில் கோளாறு இருந்தால் (சிஎஸ்எஃப்2ஆர்ஏ, சிஎஸ்எஃப்2ஆர்பி மரபணுக்கள்) இழுக்கும் மருந்து பொதுவாகப் பலன் தராது, வாங்கிக்கொள்ளும் கதவே பழுது. அவர்களுக்குக் கழுவல்தான் முதுகெலும்பு. பச்சிளம் குழந்தை என்றால் சர்ஃபாக்டன்ட் புரதம் பி, சி, ஏபிசிஏ3 மரபணுக்களைப் பாருங்கள். அது உற்பத்தியிலேயே உள்ள கோளாறு, கழுவினாலும் தீராது. சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயில் டபுள் லூமன் டியூப் நுழையாது என்பதால், எக்மோவிலோ மெல்லிய ப்ராங்கோஸ்கோப் வழியாகப் பகுதி பகுதியாகவோ கழுவுகிறோம். பெரியவர்களிலும் முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு இந்தப் பகுதிக் கழுவல் ஒரு மாற்று வழி.

ஐசியூ_பணிமருத்துவர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கிவிட்டோம். கழுவிய திரவத்தில் காசநோய், பூஞ்சை, நியூமோசிஸ்டிஸ் முதல் பரிசோதனைகள் நெகட்டிவ். நோகார்டியா தட்டை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பொருள் முடிவு வரவில்லை.

நேற்று மயக்கமருந்துப் பிரிவோடு உட்கார்ந்து பேசினோம். வலதுதான் அதிக மோசம், அதை முதலில் கழுவுவது, எக்மோ குழு அறைக்கு வெளியே தயாராக இருப்பது என்று முடிவு. எதிர்ப்பொருள் முடிவுக்காகவும் கல்ச்சர் முழுமையாவதற்காகவும் காத்திருக்க வேண்டுமா என்பது மட்டும் இன்னும் இழுபறி. தொற்று இருக்கும்போது கழுவக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள்.

நுரையீரல்_பிரிவு

தொற்று உறுதியாகி, ஆள் தாக்குப்பிடிக்கிறார் என்றால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டுக் கழுவுவது சரி. இங்கே உறுதியாகவில்லை, ஆளும் தாக்குப்பிடிக்கவில்லை. எதிர்ப்பொருள் முடிவு எதுவாக வந்தாலும் இன்று செய்ய வேண்டியது மாறப் போவதில்லை. நாளைக்குப் பிறகு என்ன கொடுப்பது என்பதைத்தான் அது சொல்லும். காத்திருக்காதீர்கள். கழுவும்போது வரும் திரவத்தையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள், அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

மயக்கமருந்து_மருத்துவர்

வழிமொழிகிறேன். மறுபக்கத்தையும் அன்றே செய்துவிட ஆசை வரும். பழகிய குழுக்கள் செய்கிறார்கள்தான். இவ்வளவு குறைந்த நிலையில் தொடங்குபவருக்கு ஒரு பக்கம் முடித்து, அது தேறி, அதன் பிறகு அடுத்தது. ஒன்றிரண்டு வாரம் இடைவெளி பரவாயில்லை. கழுவிய பக்கம் முன்னேறியிருந்தால் இரண்டாவது மயக்கம் முதலாவதைவிட எளிதாக இருக்கும்.

ஐசியூ_பணிமருத்துவர்

வலது பக்கம் முடிந்தது. ஒரு பக்க மூச்சில் 80-களின் நடுவில் நின்றார், எக்மோ தேவைப்படவில்லை. வடியும்போது விழுந்தது, நிரப்பும்போது ஏறியது. மயக்கமருந்து மேடம் இங்கே எழுதியிருக்காவிட்டால் நாங்கள் அங்கேயே நிறுத்தியிருப்போம். டியூப் எடுத்தாகிவிட்டது, ஆக்சிஜன் தேவை குறைந்துகொண்டு வருகிறது. இடது பக்கத்துக்கு நாள் குறித்திருக்கிறோம். இதன் பலன் எவ்வளவு காலம் இருக்கும் என்று குடும்பத்தார் கேட்கிறார்கள்.

நுரையீரல்_பிரிவு

ரொம்ப சந்தோஷம். அந்த 2002 தொகுப்பில் பலன் நீடித்த காலத்தின் இடைநிலை 15 மாதம். சிலருக்கு ஒரே தடவையோடு போதும், சிலர் மீண்டும் மீண்டும் வர வேண்டியிருக்கும். புகைப்பவர் என்றால் இன்றோடு நிறுத்த வேண்டும், தூசி வேலை என்றால் மாற்ற வேண்டும். இன்ஃப்ளூயன்சா, நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டு அனுப்புங்கள். ஓய்வில் செறிவு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் நடக்க வைத்துப் பாருங்கள், இந்த நோயில் சரிவு முதலில் நடையில்தான் தெரியும். இவருக்கு அடுத்த கழுவல் ஐசியூவிலிருந்து இல்லாமல் வெளிநோயாளியாக வந்து நடக்க வேண்டும் என்பதே இலக்கு.

நோயாளியின்_தம்பி

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன் டாக்டர். அக்காவுக்குத் தேதி வாங்கிவிட்டோம். அதுவரை வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

நுரையீரல்_பிரிவு

விரல் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்து, உட்கார்ந்திருக்கும்போதும் சிறிது நடந்த பிறகும் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். காய்ச்சல், சளியின் நிறம் மாறுவது, எடை குறைவது, ஆக்சிஜன் அளவைக் கூட்டினால்தான் முடிகிறது என்ற நிலை, இதில் எது வந்தாலும் தேதி வரை காத்திருக்க வேண்டாம். புதிதாகத் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் வந்தால் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள், புரோட்டினோசிஸ் நோயாளி என்பதையும் நோகார்டியா வரலாம் என்பதையும் அங்கே முதலிலேயே சொல்லுங்கள். மூச்சுத் திணறலுக்கு என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால், எழுதியவரை அக்காவின் நுரையீரல் மருத்துவரோடு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் பேசி முடிவெடுத்த பிறகு தொடங்கினால் போதும்.